காமிராவும் வாடகைக் காரும்

வரிச்சிக்குடியிலிருந்து வடக்கே காரோட்டிச் செல்பவர் நண்டலாற்றைத் தாண்டியதும் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. அங்கு வேக வரம்பை மீறினால், காமிரா வண்டியின் எண்ணைக் கொண்டே குற்றத்தைப் பதிகிறது. நோட்டீஸ் சொந்தக்காரருக்குச் செல்கிறது. காரோ வாடகைக்கு எடுத்தது! சொந்தக்காரர் ஒரு வார்த்தையும் கேளாமல் முன்பணத்தில் அபராதத்தைப் பிடித்துக்கொண்டால், ஓட்டியவர் தம் நியாயத்தை எங்கே சொல்வது? போலீஸார் கேட்டால் ஓட்டியவரின் பெயர், விலாசம், லைசென்ஸ் விவரங்களைச் சொந்தக்காரர் தெரிவிக்க வேண்டுமென்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவு விதிக்கிறது. உயிர்களைக் காக்கும் அபராதத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் நோட்டீஸையும் படத்தையும் ஓட்டியவருக்குக் காட்டாமல் முன்பணத்தைத் தொடலாகாதென்று இரு சர்க்கார்களும் உத்தரவிட வேண்டும். விசாரணைக்குப் பின்னரே தண்டனை என்பதே நீதி.