செவிலிமேட்டில் சொந்த வீடு... ரயிலிலும் பஸ்சிலும் 5 மணி நேரம்! கூடவே குடி வருகிறது தொப்பை

காஞ்சிபுரம்,

சென்னையில் வாடகை கொடுத்து மாளாமல், "கடனோ உடனோ வாங்கி காஞ்சிபுரம் பக்கம் ஒரு மனை பிடிச்சிட்டா போதும்" என்று வருகிறவர்கள் கண்ணில் படும் இடங்களில் செவிலிமேடும் ஒன்று. பாலாற்றங்கரை, கோவில் ஊர், வந்தவாசி சாலை என எல்லாம் பக்கத்தில். பேரூராட்சியாக இருந்த செவிலிமேடு 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021-ல் காஞ்சிபுரமே மாநகராட்சி ஆகி விட்டது. ஆக, கிராமம் மாதிரி தெரிந்தாலும் இது இப்போது மாநகராட்சிப் பகுதிதான்.

வீடு கிடைத்து விட்டது. வேலை மட்டும் சென்னையிலேயே நிற்கிறது. அங்கேதான் சிக்கல்.

சென்னைக்கு ஏறக்குறைய 75 கிலோ மீட்டர். மின்சார ரயிலில் போனால் செங்கல்பட்டு சுற்றித்தான் கடற்கரை நிலையம் போக வேண்டும். செங்கல்பட்டு வரை ஒற்றைப் பாதை. எதிரில் வண்டி வந்தால் காத்துக் கிடக்க வேண்டியதுதான். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி என்று வைத்துக் கொண்டால் ஒரு நாளைக்கு 5 மணி நேரம். மாதம் 25 நாள் வேலை என்றால் 125 மணி நேரம். அதாவது மாதத்தில் முழுசாக 5 பகல், 5 இரவு ரயில் பெஞ்சிலேயே போகிறது. வாடகை மிச்சம் பிடிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது இல்லை.

நடை எங்கே போனது?

திருவல்லிக்கேணியிலோ வியாசர்பாடியிலோ வாடகைக்கு இருந்தபோது யாரும் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்தது கிடையாது. ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு 10 நிமிட நடை. லிப்ட் இல்லாத வீட்டில் 3 மாடி ஏற்றம். அடி பம்பில் தண்ணீர் அடித்து குடத்தோடு மேலே. காய்கறிக்கு மார்க்கெட். ரயில் மாற நடைமேம்பாலம். வாடகை வீட்டின் தொல்லைதான், இருந்தாலும் உடம்பை அதுதான் ஓட்டிக் கொண்டிருந்தது.

செவிலிமேட்டுக்கு வந்ததும் தரைத்தள வீடு, மோட்டார் போட்டால் தண்ணீர். பால் வாங்கக்கூட பைக். ஊரின் தெற்குக் கோடியில் வீடு, வடகிழக்கில் ரயில் நிலையம் என்பதால் ஸ்டாண்டு வரைக்கும் பைக். அப்புறம் உட்கார இடம் கிடைத்தால் செங்கல்பட்டு, தாம்பரம் வரை ஒரே தூக்கம். அலுவலகத்தில் நாற்காலி. திரும்ப ரயில். ராத்திரி 9 மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவுடன் படுக்கை. காற்று நல்ல காற்றுதான். அதைச் சுவாசிக்க வீட்டில் ஆள் இல்லை.

"காலையில ஓடுற ஓட்டமே எக்சர்சைஸ் தானே" என்பது பலரும் சொல்லும் சமாதானம். பதற்றத்தோடு ஓடி பிளாட்பாரத்தில் கடைசி நிமிடத்தில் ஏறுவது ஒரு நிமிட வேலை. மீதி 2 மணி 29 நிமிடம் உட்கார்ந்தே போகிறதே!

ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. தமிழகத்தில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். நாட்டு அளவில் நகரத்தில் 16 சதவீதத்தைத் தாண்டியது, கிராமத்தில் 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஊர்ப்பக்கம் வந்து விட்டால் சுகர் வராது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். முகவரிதான் செவிலிமேடு. பிழைப்பும் சாப்பாடும் தூக்கமும் நகரத்துக் கணக்கில்தான் ஓடுகிறது.

தறிக்குழியும் கம்பெனி பஸ்சும்

வெளியூரில் இருந்து வந்தவர்கள் கதை மட்டும் இல்லை இது. காஞ்சிபுரம் பட்டுத் தறியில் காலம் காலமாக இருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அப்பா குழித்தறியில் காலால் மிதித்து, கையால் நாடா வீசி, விடியற்காலையில் தெருவில் பாவு விரித்து முன்னும் பின்னும் நடந்தவர். பிள்ளைக்குத் தெருமுனையிலேயே கம்பெனி பஸ். தறி வேலை சொர்க்கம் என்று சொல்ல முடியாது. முதுகு வலி, முட்டி வலி, கண் பார்வைக் கோளாறு எல்லாம் அதிலும் உண்டு. கூலியும் போதாது, அதனால்தான் பிள்ளைகள் வெளியேறினார்கள். ஆனால் ஷிப்ட் வேலையில் தூக்கமும் கெட்டு, நடுராத்திரி புரோட்டாவும் சேர்ந்தால் 30 வயதிலேயே பி.பி. மாத்திரை என்றால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பாலத்தைத் தாண்டி செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் பாடு வேறு. அங்கே மணிக்கணக்கில் நின்று வேலை, வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலும் நின்று வேலை. அவர்களிடம் போய் "வாக்கிங் போங்கம்மா" என்றால் முறைப்பார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும்தான்.

10 நிமிடமும் கணக்கில் சேரும்

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 5 நாள், நாளுக்கு அரை மணி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று இருந்தது. அந்த நிபந்தனையை 2020-ல் எடுத்து விட்டார்கள். ரயில் பயணிகளுக்கு இது நல்ல சேதி. வீட்டில் இருந்து பஸ் நிறுத்தம் வரை நடை, அலுவலகத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பது என்று துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். ஜிம்முக்குப் பணம் கட்டி இரண்டே நாள் போவதற்கு இது எவ்வளவோ மேல். நிலையத்துக்கு சைக்கிளில் போனால் பெட்ரோலும் மிச்சம்.

இந்த ஊருக்கு நடை புதுசா என்ன? ராமானுஜர் சாலைக்கிணற்றில் இருந்து தினமும் தண்ணீர் சுமந்து வரதராஜ பெருமாளுக்குக் கொடுத்தார் என்பது வைணவ மரபு. சித்ரா பவுர்ணமிக்கு வரதர் செவிலிமேடு வழியாக ஐயங்கார்குளம் நடவாவி கிணற்றுக்குப் போகும்போது கூடவே நடக்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். ஒரு நாள் உற்சவத்துக்கு நடக்கிற காலுக்கு மறுநாள் பால் கடை வரை நடக்க வலிக்கிறதாம்!

நடக்க இடம் வேண்டாமா?

மக்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோ மீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. நல்ல திட்டம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை போதுமா? விடியற்காலை 5 மணிக்கு ரயிலைப் பிடிக்கிறவர் அங்கே போய் எப்போது நடப்பது? அவருக்கு வேண்டியது அவர் தெருவில் இருந்து பஸ் நிறுத்தம் வரை லாரிக்குப் பயப்படாமல் நடக்க ஓரமாக ஒரு பாதை.

வந்தவாசி சாலையில் பஸ், லாரி, கம்பெனி வேன் என்று எல்லாம் ஓடுகிறது. இருட்டில் ஒரு பெண் தனியாக அந்த ஓரத்தில் நடக்க யோசிக்கத்தான் செய்வார். புதுசு புதுசாக மனை போடும்போது ரோட்டுக்கும் பூங்காவுக்கும் வரைபடத்தில் இடம் காட்டுகிறார்கள். வீடு கட்டிக் குடியேறின பிறகு அந்த பூங்கா இடத்தில் முள்செடிதான் முளைக்கிறது என்றால் மாநகராட்சி எட்டிப் பார்க்க வேண்டாமா?

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியது. வீட்டுக்கே வந்து சுகர், பி.பி. பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் சென்னை வேலைக்காரர் தாம்பரம் பிளாட்பாரத்தில் நிற்பார். வேலை செய்யும் இடத்துக்கே போகும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-ல் வந்தது. சிறிய கடை, குடோன், கொரியர் ஆபீஸ் வேலைக்காரர்களுக்கும் அது எட்டினால் நல்லது. எட்டாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை தலைமுழுகிவிட்டுப் படுப்பதற்கு முன், இந்த வயசுக்கு எதற்கு என்று பார்க்காமல் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்து விடலாம்.

செவிலிமேட்டுக்காரர்கள் மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது பெரிய செலவு இல்லை. பஸ் நிறுத்தம் வரை எரிகிற தெருவிளக்கு, சாலை ஓரத்தில் ஆள் நடக்க அகலம், ஒதுக்கிய பூங்கா இடத்தில் ஒரு சுற்றுப்பாதை. போக்குவரத்துக் கழகத்திடம் கேட்க வேண்டியது, காலை ரயில் நேரத்தோடு ஒத்துப் போகும் டவுன் பஸ். அந்த பஸ் வந்தால் பைக் வீட்டில் நிற்கும். நிறுத்தம் வரை நடக்கத்தான் வேண்டும்.