ரத்தான பிரிவுக்கு எட்டாண்டு ஆயுள்

புது தில்லி: உச்ச நீதிமன்றம் ரத்து செய்த சட்டப் பிரிவு அன்றே ஒழிந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு அதைப் பொய்யாக்கியது.

கணினி, செல்பேசி வழியே 'கடுமையாகப் புண்படுத்தும்' தகவலை அனுப்பினால் 3 ஆண்டு வரை சிறை என்றது, 2009-இல் நடைமுறைக்கு வந்த இப்பிரிவு. புண்படுத்துவது எது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதை முகநூலில் விமர்சித்த பதிவுக்காக 2012-இல் பால்கரில் இரு இளம்பெண்கள் கைதாயினர். அவர்களில் ஒருவர் அப்பதிவுக்கு விருப்பம் தெரிவித்தவர், அவ்வளவே.

ஸ்ரேயா சிங்கால் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24-இல் இப்பிரிவு ரத்தானது. எனினும் காவல் நிலையங்களில் வழக்குப் பதிவு நிற்கவில்லை. தீர்ப்பின் நகலை மாநிலங்களுக்கு அனுப்புமாறு 2019-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2021-இல் அதிர்ச்சி தெரிவித்தது. சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருப்பதாகவும், ரத்தான விவரம் அடிக்குறிப்பில் மட்டுமே உள்ளதாகவும் அப்போதைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் விளக்கினார். எவர் மீதும் இப்பிரிவின் கீழ் வழக்குத் தொடரக் கூடாது என 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலமே நாடாளுமன்றம் அதை நீக்கியது.

இடைப்பட்ட காலத்தில், குற்றமே அல்லாத ஒன்றுக்காக நீதிமன்றப் படியேறியவர்களுக்கு யார் பொறுப்பு? தீர்ப்பு கடைசிக் காவல் நிலையம் வரை சென்று சேரவும், அதை மீறும் அதிகாரி பதில் சொல்லவும் வழி செய்யாத வரை, இணையத்தில் எழுதும் குடிமகனுக்குக் கருத்துரிமை காகிதத்தில்தான் இருக்கும்.