காலிப் பெட்டி ரேடியோ ஆகாது

எங்கள் புதுச்சேரியில் பழைய வால்வு ரேடியோவுக்கு இப்போது நல்ல கிராக்கி. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் எதுவானாலும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பலர் உள்ளே இருக்கும் சேசிஸ், வால்வு, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் பிடுங்கிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, காலிப் பெட்டிக்குள் புளூடூத் ஸ்பீக்கரை வைத்து வரவேற்பறையில் நிறுத்துகிறார்கள். கேட்டால், "ரிப்பேர் பண்ணிட்டோம் சார்" என்கிறார்கள். பாடம் செய்து வைத்த புலியை உயிரோடு இருக்கிறது என்று சொல்வது போல இருக்கிறது.

ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்பவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. அறுபது வருடக் காகிதக் கண்டென்சர் கசியும். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் உலர்ந்திருக்கும். ரப்பர் உறை போட்ட ஒயர் தொட்டாலே உதிரும். அப்படியே பிளக்கைச் சொருகினால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடலாம். டிரான்ஸ்பார்மரே இல்லாத ஏசி-டிசி செட்டில் சேசிசிலேயே மின்சாரம் இருக்கும், ஆளுக்கே ஆபத்து.

ஆபீசில் பழைய கோப்பு கிழிந்தால் மெல்லிய தாள் ஒட்டித் தைத்து வைப்போம்; எழுத்தில் கை வைக்க மாட்டோம். ரேடியோவுக்கும் அதுதான் முறை. கண்டென்சரையும் ஒயரையும் மாற்றுங்கள். பழைய கண்டென்சரின் கூட்டைக் குடைந்து அதற்குள்ளேயே புதியதை வைத்து மூடலாம், தோற்றம் மாறாது. வேலை செய்யும் வால்வு, ஸ்பீக்கர், முகப்புத் துணி, குமிழ்கள் அப்படியே இருக்கட்டும். டயல் கண்ணாடியில் எழுத்து இருக்கும் பக்கத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஊர்ப் பெயர்களெல்லாம் துணியோடு வந்துவிடும்.

பிரெஞ்சு செட்டுகளின் பொத்தான்களில் ஜே.ஓ., பே.ஓ., ஓ.சே. என்று இருக்கும். கிராந்த் ஓந்த், பெத்தித் ஓந்த், ஓந்த் கூர்த். அதாவது நெட்டலை, மத்திய அலை, சிற்றலை. என்னைப்போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு வால்வுகூட 'லாம்ப்'தான். நெட்டலை ஒலிபரப்பு நம் நாட்டில் இல்லை. அந்தப் பொத்தானுக்கு இங்கே வேலையே கிடையாது. ஆனாலும் அதைக் கழற்றக் கூடாது. பெட்டி எங்கே பிறந்து எங்கே வாழ்க்கைப்பட்டது என்பதற்கு அதுதானே சாட்சி!

புளூடூத் ஆசைக்கும் வழி இருக்கிறது. பல செட்டுகளின் பின்பக்கம் கிராமபோன் இணைக்கத் துளை உண்டு. டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டாக இருந்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் அதன் வழியாகவே செல்போன் பாட்டைக் கேட்க வைப்பார். எதையும் பிடுங்க வேண்டாம். ஆகாசவாணியும் மத்திய அலையில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எதை, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்து திறப்பவருக்கு உதவும். கழற்றிய பாகங்களையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பரணில் தாத்தாவின் ரேடியோ இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு வால்வு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்த வேலை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.