பாஸ் அவுட்: படித்து முடித்தாரா, மயங்கி விழுந்தாரா?

“ஐ பாஸ்டு அவுட் இன் 2019.” சென்னை இன்டர்வியூவில் இப்படிச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 2019-ல் படிப்பை முடித்தவர், அவ்வளவுதான். இதையே அமெரிக்காவில் சொன்னால், ‘அடடா, உடம்புக்கு என்ன?’ என்று கேட்கத் தோன்றும். அங்கே பாஸ் அவுட் என்றால் நினைவு தப்பி விழுவது. ‘ஹீ பாஸ்டு அவுட் இன் த ஹீட்’ என்றால் வெயில் தாங்காமல் மயங்கிவிட்டார். அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பதற்கும் இதே சொல்தான். இன்டர்வியூவுக்கு இது தேவையா?

நம் ஊர் அர்த்தம் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ராணுவப் பயிற்சியை முடித்தவர்களின் அணிவகுப்புக்குப் பெயரே ‘பாசிங் அவுட் பரேட்’. சென்னை பரங்கிமலையில் உள்ள ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமியில் நடப்பதும் அதுதான். பட்டாளத்துக்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் அது சரியான சொல். அதைக் கல்லூரி வரை நீட்டியதோடு, ‘2024 பாஸ் அவுட்ஸ்’ என்று பெயர்ச்சொல்லாகவும் ஆக்கிவிட்டது இந்திய ஆங்கிலம். உள்ளூரில் பாதகமில்லை. வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2019’ என்பதே நல்லது.

சிரிக்க முடியாத இடமும் உண்டு. மகள் வீட்டுக்கு அமெரிக்கா போன அம்மா பாத்ரூமில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ‘டிட் ஷீ பாஸ் அவுட்?’ என்பார் டாக்டர். இங்கேதான் நம் ‘மயக்கம்’ காலை வாரும். தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம், நினைவே போனாலும் மயக்கம் என்கிறோம். டாக்டர் கேட்பது இரண்டாவதை மட்டும். நினைவு தப்பித்தான் விழுந்தார் என்றால் இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று காரணத்தைத் தேடுவார்கள். வெறும் தலைசுற்றலா? ‘நோ, ஷீ ஃபெல்ட் டிஸி.’ நினைவு போயிருந்தால், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ‘எஸ், ஷீ பாஸ்டு அவுட் ஃபார் அபவுட் எ மினிட்.’ பதற்றத்தில் ‘பாஸ்டு அவே’ என்று வாய் தவறிவிடக் கூடாது. அதற்கு, காலமாகிவிட்டார் என்று அர்த்தம்!

விநியோகிப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. ‘ஷீ பாஸ்டு அவுட் த ஸ்வீட்ஸ்’ என்றால் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். ‘ஷீ பாஸ்டு த ஸ்வீட்ஸ் அவுட்’ என்று நடுவில் நுழைத்தும் சொல்லலாம். மயக்கத்தில் நடுவே எதையும் நுழைக்க முடியாது.