மலைப்பாதையில் மிதிவண்டி

நுழையும்முன்

விளையாட்டு என்றதும் சுண்ணாம்புக் கோடு போட்ட திடலே பலருக்கும் நினைவுக்கு வரும். எல்லைக்கோடே இல்லாத விளையாட்டுகளும் உண்டு. மேட்டிலும் பள்ளத்திலும், கல்லிலும் சேற்றிலும் பல மணி நேரம் மிதித்துச் செல்லும் நெடுந்தொலைவு மலை மிதிவண்டிப் போட்டி அவற்றுள் ஒன்று. அவ்விளையாட்டு யாருக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஓசூர்ப் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரியோ அதனினும் நானூறு மீட்டர் அளவிற்குத் தாழ்ந்த நிலம். இவ்விரு நகர்களுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்திருக்கிறது சூளகிரி. நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகினால் பாறைக் குன்றுகளும் செம்மண் வண்டிப்பாதைகளும் ஏரிக்கரைகளும் கொத்தமல்லி வயல்களும் விரிகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. மலை மிதிவண்டிக்கென இயற்கை வகுத்த களம் என்று இந்நிலத்தைச் சொன்னால் மிகையாகாது.

ஆயினும், இங்கு மிதிவண்டிகளைக் கூட்டமாகக் காண வேண்டுமெனில் பள்ளி விடும் நேரத்தில்தான் காண வேண்டும். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி, ஈராண்டுக் காலம் மாணவரைச் சுமந்துவிட்டுப் பின்னர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிடுகிறது. ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளி அருகே ஓலா என, இயந்திரப் பொறி பூட்டிய இருசக்கர ஊர்திகளை நாட்டிற்கே செய்து தரும் மாவட்டம் இது. சூளகிரியிலும் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. இத்தகைய மண்ணில் மிதிவண்டி என்பது மோட்டார் வண்டி வாங்கும்வரை ஓட்டும் வண்டி என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. வியப்பில்லையே தவிர, அவ்வெண்ணம் சரியன்று.

மலை மிதிவண்டி விளையாட்டு செல்வர்க்கே உரியது என்னும் கருத்தும் பரவலாக உள்ளது. இன்றைய போட்டி வண்டிகள் சில, இலட்சக்கணக்கான ரூபாய் விலை பெறுவது உண்மையே. ஆனால், இவ்விளையாட்டு பிறந்த கதை வேறு. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரை அடுத்த மலைச்சரிவில் இளைஞர் சிலர் பந்தயம் வைத்தனர். அவர்கள் ஓட்டியவை பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, கனத்த பழைய வண்டிகள். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் நிற்கும் பிரேக் அவற்றில் இருந்தது. மலை அடிவாரத்தை அடைவதற்குள் அந்த பிரேக் சூடேறி, உள்ளிருந்த மசகு முழுவதும் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக மசகை அடைக்க வேண்டியிருந்ததால், மீண்டும் அடைத்தல் எனப் பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. அங்குத் தொடங்கிய விளையாட்டு இருபதே ஆண்டுகளில், 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பழைய இரும்பு வண்டியில் பிறந்த ஒன்றை விலையுயர்ந்த வண்டியின்றித் தொடங்கவே இயலாது என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

ஒலிம்பிக்கில் நிகழ்வது குறுகிய சுற்றுப்பாதையில் ஒன்றரை மணி நேரத்திற்குள் முடியும் விரைவுப் போட்டி. நெடுந்தொலைவுப் போட்டியின் இயல்பு முற்றிலும் வேறானது. 'மாரத்தான்' வகைப் போட்டியில் 60 முதல் 160 கிலோமீட்டர் வரை ஒரே நாளில் கடக்க வேண்டும். சில போட்டிகள் ஒரு வாரம் நீள்வதும் உண்டு. இதில் முதல் ஏற்றத்தில் முந்துபவர் பெரும்பாலும் முதல்வராவதில்லை. கடும் உழைப்பின்போது உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கே போதுமானது. பசி தோன்றுமுன் உண்ணாதவருக்குக் கால் மிதிக்க மறுக்கும், கண் இருளும், தெளிவான பாதையிலும் தடம் தவறும். ஆகவே வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, அரை மணிக்கு ஒருமுறை சிறிது உண்டு, உப்புக் கலந்த நீரை அளவறிந்து பருகிச் செல்வர். காட்டுப்பாதையில் டியூப் கிழிந்தால் கடையைத் தேடிச் செல்ல இயலாது. பஞ்சர் ஒட்டவும் அறுந்த சங்கிலியை இணைக்கவும் வீரரே அறிந்திருத்தல் வேண்டும். தன் உடலையும் தன் கருவியையும் ஒருசேர அறிந்தவருக்கே இப்போட்டி வழிவிடுகிறது. தொழிற்கூடங்களில் நாளை பணிபுரியவிருக்கும் மாணவர் நிறைந்த ஒரு வட்டாரத்திற்கு இது சிறிய பயிற்சியா?

தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைபெறும் 'கேப் எபிக்' போட்டியில் ஒரு விதி உண்டு. எட்டு நாள் நிகழும் அப்போட்டியில் இருவர் இருவராகவே பங்கேற்க வேண்டும். அவ்விருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்திற்கு மேல் இடைவெளி ஏற்படுதல் கூடாது. வலியவர் மெலியவரை விட்டுவிட்டு ஓடினால் இருவருக்கும் தண்டனை. மதிப்பெண் பட்டியலில் அடுத்த மாணவரை முந்துவதையே போட்டி என அறிந்து வளரும் தலைமுறைக்கு, இவ்விதி ஒன்றிற்காகவேனும் இவ்விளையாட்டை அறிமுகப்படுத்தலாம்.

இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் மலைப்பாதைகளில் 2005 முதல் 'எம்.டி.பி. இமாலயா' என்னும் பன்னாள் போட்டி நடந்துவந்துள்ளது. நேபாளத்தில் 'யாக் அட்டாக்' போட்டியாளர் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைக் கடக்கின்றனர். வெளிநாட்டு வீரர்கள் திரளும் அப்போட்டியில் அம்மண்ணில் பிறந்த நேபாள இளைஞர்கள் வென்றிருக்கின்றனர். தெற்கே, 2023இல் கேரளத்தின் பொன்முடியில் ஆசிய மலை மிதிவண்டி வாகையர் போட்டி நிகழ்ந்தது. தமிழகத்தின் வழியே செல்லும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' 2008இல் தொடங்கியது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் அதன் கடினமான பகுதி. ஆனால், அது தார்ச்சாலைப் பயணம்; அதில் பங்கேற்போருள் பெரும்பாலோர் நகரத்துப் பணியாளர்கள். மண்பாதையில் நாள்தோறும் பள்ளிக்கு மிதித்துச் செல்லும் மாணவர் கண்ணில் இப்போட்டிகள் படுவதேயில்லை.

போட்டி ஓர் ஊரையே மாற்றிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் லெட்வில் சுரங்கத் தொழிலை நம்பிய மலையூர். 1982இல் அருகிலிருந்த சுரங்கம் மூடப்பட்டதும் ஊர் நலிந்தது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளியான கென் க்ளோபர் மறு ஆண்டே நூறு மைல் ஓட்டப்பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். 1994இல் அதனுடன் மலை மிதிவண்டிப் போட்டியும் சேர்ந்தது. ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவைப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் கடக்கும் ஒவ்வொருவருக்கும் அங்கு இடுப்புவார்க் கொக்கி ஒன்று பரிசாகக் கிடைக்கும். இருநூறாவதாக வந்தவரும் அதனைப் பெருமையுடன் அணிகிறார்.

பெண்கள் இதில் ஈடுபட இயலுமா என்னும் ஐயத்திற்குத் தமிழகம் முன்பே விடை கூறியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின்போது ஊர்ப்புறப் பெண்கள் திரள் திரளாக மிதிவண்டி கற்றனர். கேலிப் பேச்சுகளைக் கடந்தே அவர்கள் கற்றனர். அன்று எழுந்த கேலி இன்று எவர்க்கும் நினைவில்லை.

எனினும் இரு எச்சரிக்கைகளை மறத்தல் ஆகாது. முதலாவது, காடு. கேழ்வரகு விளையும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டாப் பகுதியிலிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர்க் காடுகளுக்கு வருவதும், சானமாவுக் காட்டில் தங்குவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. அப்பருவத்தில் காப்புக்காட்டை ஒட்டிப் போட்டி வைப்பது மாணவர்க்கும் தீங்கு, யானைக்கும் தீங்கு. மற்றொன்று, நெடுஞ்சாலை. சரக்குந்துகள் விரையும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எவ்வகையிலும் பயிற்சிக்களம் ஆகாது. எஞ்சுபவை ஏரிக்கரைகளும் ஊராட்சி மண்சாலைகளுமே. தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் பெருகுந்தோறும் அவையும் மதிலுக்குள் மறையும் நிலை உள்ளது. வரைபடத்தில் வண்டிப்பாதை எனக் குறிக்கப்பட்டவற்றைக் காப்பது உள்ளாட்சியின் கடமை. அவற்றைப் பயன்படுத்துவோர் இருந்தால்தான் காக்க வேண்டும் என்னும் குரலும் எழும்.

அரசு தரும் மிதிவண்டி கற்பாறைச் சரிவில் இறங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அதில் கியர் இல்லை, அதிர்வு தாங்கும் முன்கவையும் இல்லை. ஆதலின் செங்குத்துப் பாதையைத் தவிர்த்து, இருபது கிலோமீட்டர் மண்பாதையைத் தேர்ந்து, தலைக்கவசம் அணிந்து, இருவர் இருவராகச் சென்று திரும்பும் போட்டியாக அதனை உடற்கல்வி ஆசிரியர் தொடங்கலாம். புறப்படுமுன் ஒவ்வொரு மாணவரும் தம் வண்டியின் பிரேக்கைச் சரிபார்த்து, டியூபைத் தாமே கழற்றிப் பூட்டிக் காட்ட வேண்டும் என்பது அதன் முதல் விதியாக இருக்கட்டும்.