யார் படிப்பார்?

"பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் படிப்பார்?" என்று வினவி எழுதுகோலை மூடிவைப்போர் உளர். தம் சோம்பலை மறைக்க அவர்கள் போர்த்திக்கொண்ட போர்வையே இவ்வினா.

1986இல் சுங்கை பூலோவின் சதுப்புநிலத்தில் வலசைப் பறவைகளைக் கண்ட ஆர்வலர் சிலர், கண்டதைத் தம்முள் புதைத்துக்கொள்ளவில்லை. எழுதினர், பிறர்க்குக் காட்டினர், அரசிடமும் எடுத்துரைத்தனர். 1989இல் அந்நிலம் இயற்கைப் பூங்காவென ஒதுக்கப்பெற்று, 1993இல் திறக்கப்பெற்றது. 2002இல் இயற்கைக் காப்பகமும் ஆயிற்று. படிப்போர் திரண்ட பின்னரா அவர்கள் எழுதத் தொடங்கினர்?

ஈசூனில் குளம் உண்டு. அருகே கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கம் உண்டு. கடலோரத்தில் கத்திப் போங்சுச் சதுப்புக்காடும் உண்டு. அங்கு நிற்கும் சாம்பல் நாரையைத் தமிழ் மாணவன் ஆங்கிலப் பெயரால் மட்டுமே அறிவானாயின், நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவரின் மொழிக்கு அது தகுமோ?

தமிழ் இதற்கு இடந்தராது என்பதும் பொய். மா. கிருஷ்ணன் (1912-1996) இயற்கையியலைத் தமிழிலும் எழுதிக் காட்டினாரன்றோ?

ஆகவே, கண்ட நாள், இடம், பறவையின் தமிழ்ப் பெயர், அதன் செயல் ஆகியவற்றைப் பத்து வரியில் எழுதுக. ஆசிரியர் அதனை வகுப்பில் படிக்கட்டும். மாணவர் கைப்பேசி வழியே பெற்றோர்க்கும் நண்பர்க்கும் அனுப்பட்டும். பெற்றவர் தாம் கண்டதை எழுதி விடுக்கட்டும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வெளியிடலாகாது. கூட்டம் கூடினால் தாய்ப்பறவை கூட்டைத் துறந்துவிடக்கூடும்.

இவ்வளவும் செய்த பின்னர், படிப்பார் இல்லையென்று எவரேனும் கூறட்டும், அப்போது செவிசாய்க்கலாம்.