தொலைதூர வைத்தியர்கள்

மாதக் கடைசி. புனேயிலோ ஃபரீதாபாத்திலோ ஒரு நடுத்தர உதிரி பாகத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளலாம். சரக்கு லாரியில் ஏறிவிட்டது. பில் மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டி மறுக்கிறது. மென்பொருளை நிறுவித் தந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். யாரோ சிபாரிசு செய்ய, பெங்களூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு நிபுணர் அகப்படுகிறார். பத்து நாள் ஒப்பந்தம், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். நேரில் வரமாட்டார்.

இந்த ஏற்பாடு உதவுமா? சில வேலைகளுக்கு அபாரமாக உதவும். சிலவற்றில் பணமும் போகும், பத்து நாளும் போகும். எது எந்த ரகம் என்பது ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே தெரியக்கூடியதுதான். கேட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

தொலைவிலிருந்து வேலை பார்ப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் பெங்களூரில் மையம் திறந்து, செயற்கைக்கோள் இணைப்பு மூலம் வெளிநாட்டு அலுவலகங்களுடன் பணிபுரிந்தது. 2000ஆம் ஆண்டுச் சிக்கல் நெருங்கியபோது அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய நிரல்களை இந்தியர்கள் இங்கிருந்தபடியே திருத்தினார்கள். இப்போது வைத்தியம் கேட்டு நிற்பது நம்மூர்த் தொழிற்சாலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நன்றாக நடந்ததற்கு உதாரணம், மின் விலைப்பட்டியல். ஜி.எஸ்.டி.யின் கீழ் 2020 அக்டோபரில் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இந்த முறை, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்களையும் தொட்டது. இதில் என்ன செய்ய வேண்டும் என்பதை அரசே எழுதி வைத்திருக்கிறது. கெடு தேதி தெரியும். பில் சரியாக இருந்தால் அரசின் தளம் 64 எழுத்து கொண்ட பதிவு எண்ணைத் திருப்பித் தரும். தவறென்றால் பிழையைச் சொல்லும். நிபுணர் ஹைதராபாத்தில் இருந்தால் என்ன, ஹாலந்தில் இருந்தால் என்ன? வேலை முடிந்ததா இல்லையா என்பதில் தகராறுக்கே இடமில்லை.

சிக்கல் வேறு மாதிரி இருந்தால் கதையே வேறு. ஸ்டோர்ஸில் இருப்பு மைனஸில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிபுணர் நிரலைப் பார்க்கிறார், கோளாறில்லை. அமைப்புகளைப் பார்க்கிறார், அதிலும் கோளாறில்லை. உண்மை என்னவென்றால், ஸ்டோர்ஸ் குமாஸ்தா வந்த சரக்கையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். உற்பத்திப் பிரிவோ காலையிலேயே எடுத்துச் செலவெழுதிவிடுகிறது. கிடங்கில் ஒரு டீ குடிக்கும் நேரம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். பகிரப்பட்ட திரையில் அந்த நோட்டுப் புத்தகம் தெரியாது. மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் அதைத் தேடவும் மாட்டார். மைனஸ் இருப்பைத் தடுக்கும் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு விடைபெறுவார். மறுநாள் உற்பத்தி நிற்கும்.

இந்தத் துறையின் ராஜா எஸ்.ஏ.பி. ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் 1972இல் ஜெர்மனியில் தொடங்கியது. அதில் வாடிக்கையாளர் தமக்கென்று எழுதிக்கொள்ளும் நிரல்களுக்கு இசட் அல்லது ஒய் என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் வைப்பது மரபு. பழைய நிறுவனங்களில் இப்படிப்பட்ட இசட் நிரல்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். எழுதியவர் பெயர் இருக்கும்; ஆள் இருக்கமாட்டார். ஏன் எழுதினார் என்ற குறிப்பும் இருக்காது. புதிதாக வரும் நிபுணரின் முதல் நான்கு நாட்கள் இந்தப் புதைபொருள் ஆராய்ச்சியில் கழியும். அதற்கு முன்னால் நுழைவு அனுமதி வாங்கவே மூன்று நாள் போயிருக்கும். பத்து நாள் ஒப்பந்தத்தில் மிச்சத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் நிபுணரை நேரில் உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. ஜெர்மனியின் லிடில் கடைச் சங்கிலி 2011இல் எஸ்.ஏ.பி.க்கு மாறும் வேலையைத் தொடங்கி, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018இல் கைவிட்டது. காரணமாகப் பரவலாகச் சொல்லப்பட்டது ஒரு பழக்கம்: லிடில் தன் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும்; மென்பொருளின் வழக்கமான முறையோ விற்பனை விலை. நிறுவனம் பழக்கத்தை விடவில்லை. மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள். ஆலோசகர்கள் அருகிலேயே இருந்து என்ன பயன்?

ஆகவே தூரம் பாதிப் பிரச்சினைதான். மறுபாதி, தன் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் நிறுவனத்துக்குள் இருக்கிறாரா என்பது. பெரும்பாலும் இருப்பார்: கணக்குப் பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டிய ஒருவர். அவரை நிபுணரோடு தினமும் அரை மணி நேரம் பேச விடுவதற்கு நிர்வாகத்துக்கு மனம் வருவதில்லை. அவருக்கு 'வேறு வேலை இருக்கிறது'!

ஒப்பந்தத்தில் மூன்று சங்கதிகளையாவது எழுதிக்கொள்வது நல்லது. மாற்றங்களைச் சோதனைக் கணினியில் செய்து, உள்ளூர் ஆள் பார்த்த பிறகே நிஜக் கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை எழுதிக் கொடுத்தால்தான் கடைசித் தவணை. நிபுணரின் பயனர் கணக்கு ஒப்பந்தம் முடியும் தேதியிலேயே காலாவதியாக வேண்டும். மூன்றாவதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனாலும் போனவர்களின் கணக்குகள் உயிரோடிருப்பது தணிக்கையில் அடிக்கடி அகப்படுகிற குறை.

இதற்கெல்லாம் இப்போது அவசரம் வந்திருக்கிறது. ஈ.சி.சி. என்ற பழைய பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதி வரைதான், கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை என்று எஸ்.ஏ.பி. 2020 பிப்ரவரியில் அறிவித்தது. மாற வேண்டிய நிறுவனங்கள் குறுகிய கால நிபுணர்களைத் தேடுகின்றன. இசட் நிரல்களில் எவை உபயோகத்தில் இருக்கின்றன, எவை புதிய பதிப்பில் ஓடாது என்று பட்டியல் எடுக்க ஒரு தொலைதூர நிபுணர் தாராளமாகப் போதும்; கருவிகளே இருக்கின்றன. அந்தப் பட்டியலில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தலைமுழுகுவது என்பதை மட்டும் ஸ்டோர்ஸும் கணக்கும் விற்பனையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நோட்டுப் புத்தகத்தோடு அந்தக் குமாஸ்தாவையும் கூப்பிட்டு.